இடமிருந்து வலம்

டயர் வந்துசேர மூன்று மணியாகும் என்றான் கராஜ்காரன்.
அதுவரை, வேண்டுமானால், மியூசியம் இருக்கிறது.
சாவி ஆணிக்கடையில்.

ஹெக்லண்ட், வடக்கு டகோட்டா.
ஒரு தெரு, ஒரு தானியக் கிடங்கு,
நாலு பக்கமும் வானம் தரையில் வந்து முட்டும் இடத்தில்
அறுபத்தெட்டு வீடுகள்.
இது டாக்டர் லுண்ட்பியினுடையது.
அவர் போய், வாரிசுகள் போய்,
கூரை ஒழுகத் தொடங்கியதும்
ஊருக்குச் சொந்தமாகிவிட்டது.

ஓர்லின் ட்வைட் தோளால் இடித்துக் கதவைத் திறந்தார்.
முப்பது குளிர்காலம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்.
"எனக்கு அதிகம் தெரியாது," முதலிலேயே சொல்லிவிட்டார்.
"எல்லாம் அட்டையில் இருக்கிறது.
அட்டை ஆக்னஸ் அடித்தது.
ஆக்னஸ் இப்போது இல்லை."

கூடம் முழுக்க இஸ்திரிப் பெட்டிகள்.
நாற்பத்தொன்று. எண்ணினேன்.
யாருக்கும் அதைத் தூக்கி எறிய மனசு வராதாம்,
வைத்துக்கொள்ளவும் இடம் இருக்காதாம்.
இரவில் வந்து வாசல்படியில் விட்டுப் போகிறார்கள்,
பூனைக்குட்டியை விட்டுப் போவதுபோல.

டாக்டரின் அறையில் ஒரு புட்டி:
அவர் காலத்துப் பிள்ளைகள் விழுங்கியவை.
பொத்தான்கள், ஊக்குகள், ஒரு தகரக் குதிரை.
குதிரைக்கு மட்டும் தனி அட்டை.
"ஹரால்ட் மோ, வயது நான்கு. பிழைத்தான்.
பிற்பாடு வரி வசூலித்தான்."

ஆக்னஸின் தட்டச்சில் ஓர் எழுத்து
எங்கே வந்தாலும் வரியை விட்டுச் சற்றுக் கீழே நிற்கிறது,
கடைசிப் படியில் கால் தவறினதுபோல.
நாலாவது அறைக்கு வருவதற்குள்
அவள் குரலே அப்படித்தான் இருக்கும் என்று
தோன்றத் தொடங்கிவிட்டது எனக்கு.

மாடியில் குளிர்.
தலையில்லாத பொம்மைக்கு ஒரு கல்யாண உடுப்பு,
உள்ளே செய்தித்தாள் திணித்திருக்கிறார்கள்,
இடுப்புத் தையலில் கோதுமை விலை எட்டிப் பார்க்கிறது.
ஜன்னல் விளிம்பில் செத்த ஈக்கள்;
அவற்றுக்கு அட்டை இல்லை.

அப்புறம் அந்தப் படம்.
1931, லூத்தரன் சபையார் ஆற்றங்கரைக்குப் போனது.
மழை பொய்த்த வருஷம்;
ஆறு படத்தில் இல்லை, கரை மட்டும்.
இருபத்திரண்டு பேர். கீழே, இடமிருந்து வலமாக,
நார்வேயிலிருந்து கப்பலேறிய பெயர்கள்
ஒன்றுவிடாமல் அடித்திருக்கிறாள் ஆக்னஸ்.
பின்வரிசையில் ஏழாவது:
பெயர் தெரியவில்லை.

தொப்பியைக் கையில் பிடித்திருக்கிறாள்.
மற்றவர்கள் காமிராவுக்கு முகம் கொடுக்க
அவள் மட்டும் சட்டத்துக்கு வெளியே
யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள்.

அட்டையின் ஓரத்தில், பென்சிலில்,
பொடி எழுத்தில்:
எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

திரும்பினேன். ஓர்லின் இதற்காகவே
மூன்று அறையாகக் காத்திருந்தவர்போல நின்றார்.
"பதினோரு வருஷம் ஆகிறது.
ஈஸ்டருக்குப் போன வாரம் இல்லை. மறுவாரம் இருந்தது."
அழித்திருக்கலாமே என்றேன்.
"எதற்கு? இப்போது அதுவும் மியூசியம்தான்."

ஆக்னஸ் அதைப் பார்த்தாளா?
பார்த்தாள்.
என்ன சொன்னாள்?
தன் அட்டையை எடுத்து,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து,
மறுபடி அதே இடத்தில் குத்திவைத்தாள்.

கீழே வாசலருகில் வருகைப் பதிவேடு.
பெயர், ஊர், கருத்து.
எல்லாப் பெயர்களுக்கும் பக்கத்தில்
அரிசி அளவுக்கு ஒரு புள்ளி.
"பேனா தீர்ந்துவிட்டது," என்று
கூராகச் சீவிய பென்சிலை நீட்டினார்.
மேஜையில் இரண்டு பேனா கிடந்தன.

எழுதினேன், ஏனோ மெதுவாக,
திருடாதவன் சோதனைச்சாவடியில் நடக்கும் நடையில்.
கருத்து என்ற இடத்தில்
"இஸ்திரிப் பெட்டிகள் நன்று" என்று போட்டேன்.

அவர் குனிந்தார்.
வாலிழுத்த எழுத்துகளின் மேல் விரல் நிற்காமல் போனது.
ஒரு புள்ளி வைத்தார்.
"நீங்கள் இல்லை," என்றார்.

அதில் வருத்தமா நிம்மதியா,
எனக்குப் பிடிபடவில்லை.
கராஜ்வரை கூடவே நடந்துவந்தார்.
வழியில் ஒருதரம் நின்று கேட்டார்,
காரில் இடம் இருக்குமா,
ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டிக்கு.